வேலைக் கடிதத்தை யார் படிப்பது?

அருப்புக்கோட்டையில் தறி ஓட்டும் குடும்பங்களிலும், திருச்சுழிப் பக்கம் மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் குதிரைவாலியும் விதைக்கும் குடும்பங்களிலும், நரிக்குடியில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பங்களிலும் இன்று பொறியியல் பட்டதாரிகளைப் பார்க்கிறோம். இந்த வறண்ட சீமைக்கு இது சிறிய சாதனை அல்ல. 2018-ல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டில் ராமநாதபுரத்தோடு சேர்த்து விருதுநகரையும் அதில் வைத்தது. அப்படிப்பட்ட மாவட்டத்தின் கிழக்கு மூலையிலிருந்து, வீட்டில் முதல் பட்டதாரியாகப் படித்து வந்த பிள்ளைகள் இவர்கள்.

ஆனால், அந்தப் பிள்ளையின் கைக்கு வரும் வேலைக் கடிதத்தைப் படித்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. தெருவிலும் இல்லை. கல்லூரியில் இருக்க வேண்டியவர்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று பேனர் அடிப்பதில் முனைப்பாக இருக்கிறார்கள். ஒரு கையில் பெரிய நிறுவனத்தின் கடிதம், மறு கையில் சென்னையிலோ பெங்களூரிலோ நேற்றுத் தொடங்கிய ஸ்டார்ட்அப்பின் கடிதம். எதில் சேருவது என்ற கேள்விக்குச் சீனியர் அண்ணன் அலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துப் பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள். இருபத்தொரு வயதில் போடும் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் கல்விக்கடனும், அம்மாவின் நகைக்கடனும், மகளிர் குழுவில் வாங்கிய பணமும் நிற்கின்றன. இதை இனியும் பிள்ளைகளின் சொந்த விஷயம் என்று விட்டுவைப்பது ஆபத்து.

நம் ஊரில் இரண்டு நம்பிக்கைகள் வேரோடியிருக்கின்றன. பெரிய கம்பெனி என்றால் அரசு வேலைக்குச் சமம், போனால் வாழ்க்கை நிலைத்துவிடும் என்பது ஒன்று. ஸ்டார்ட்அப் என்றால் ஒன்று சூதாட்டம், இல்லாவிட்டால் ஐந்தே வருடத்தில் கோடீசுவரன் என்பது மற்றொன்று. இரண்டுமே பொய்த்துவிட்டன.

பெரிய நிறுவனங்களை முதலில் பார்ப்போம். அப்போது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டிருந்த டி.சி.எஸ்., 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000-க்கும் அதிகமானோரை, வேலையிலிருந்து விடுவிக்கப்போவதாக அறிவித்தது. அடி பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஊழியர்கள் மீது விழுந்தது. அதாவது இருபது வருடம் உழைத்து வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பவர்கள் மீது. விப்ரோ 2023 பிப்ரவரியில், ஆண்டுக்கு ஆறரை லட்சம் தருவதாகச் சொல்லித் தேர்ந்தெடுத்த புதியவர்களிடம், மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. இன்ஃபோசிஸ் 2022-ல் தேர்ந்தெடுத்த பட்டதாரிகள் பலரை 2024 அக்டோபரில்தான் வேலைக்குச் சேர்த்தது. அவர்களில் முந்நூறுக்கும் அதிகமானோரை, உள்தேர்வில் மூன்று முறையும் தேறவில்லை என்று சொல்லி, 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து அனுப்பிவிட்டது.

இந்த மூன்றாவது செய்தியை நம் பகுதிக் குடும்பங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் குறிப்பிட்ட தொகை வரை பிணை கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணையும் கேட்பதில்லை. ஆனால் கடன் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஏறுகிறது. நிறுவனம் இரண்டு வருடம் காக்க வைத்தால், முதல் சம்பளம் வருவதற்கு வெகு முன்னதாகவே வங்கியிலிருந்து முதல் நோட்டீஸ் வந்துவிடும். அந்த இரண்டு வருடத்தில் பிள்ளை வேறு வேலைக்குப் போகத் தயங்குவான்; அழைப்பு நாளைக்கே வந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். போதாததற்கு, ஒரு கடிதம் வாங்கிவிட்டால் வேறு நிறுவனத் தேர்வில் உட்காரக்கூடாது என்ற விதியைப் பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. எனவே கடிதம் வாங்கிய பிள்ளை, கடிதமே வாங்காத பிள்ளையைவிட மோசமான நிலைக்கு ஆளாகிறான். கல்லூரிக் கணக்கிலோ அவன் வேலை கிடைத்தவன்.

ஸ்டார்ட்அப் பக்கம் திரும்புவோம். 2010-ல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் பட்டியலானபோது, அதன் ஊழியர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் கோடீசுவரர்கள் ஆனார்கள். அது நடந்த உண்மை, தமிழ்நாட்டுக்குப் பெருமை. அதே நிறுவனம் 2024 நவம்பரில் 660 பேரை, ஊழியர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரை, வேலையிலிருந்து நீக்கியதும் நடந்த உண்மைதான். முதல் செய்தி நம் ஊர் டீக்கடை வரை வந்தது. இரண்டாவது வரவில்லை.

வெற்றி பெற்றவரின் கதையே இப்படி என்றால், தோற்றவரின் கதை என்ன? 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்புச் சொல்லப்பட்ட இணையவழிக் கல்வி ஸ்டார்ட்அப்பான பைஜூஸ், 2024 தொடக்கத்தில் பலருக்கு முழுச் சம்பளம் தர முடியாமல் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில், கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய 158 கோடி ரூபாய் பாக்கிக்காக அதன் தாய் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. கோமெக்கானிக் என்ற வாகனப் பழுதுநீக்கும் ஸ்டார்ட்அப், கணக்குகளில் தவறு நடந்ததை நிறுவனர்களே ஒப்புக்கொண்ட 2023 ஜனவரியில், ஊழியர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரை அனுப்பியது. முதலீட்டாளர்களுக்குப் பணம் போயிற்று. அவர்களுக்கு வேறு பத்து நிறுவனங்களிலும் பணம் இருக்கிறது. சம்பளம் வராத மாதத்தில் திருச்சுழியில் ஒரு தகப்பனாருக்கு வேறு என்ன இருக்கிறது?

இங்கேதான் நம் கவலையின் மையம் இருக்கிறது. ஸ்டார்ட்அப்பில் குறைந்த சம்பளத்துக்குச் சேரும் பிள்ளை உண்மையில் அந்த நிறுவனத்தில் முதலீடு செய்கிறான். அவன் போடும் முதல், வீட்டார் வாங்கிய கடன். நிறுவனம் வென்றால் அந்த வீட்டுக்குப் பங்கு கிடைக்கும் என்று உறுதியில்லை. தோற்றால் நட்டம் மட்டும் உறுதி. காக்க வைக்கும் பெரிய நிறுவனமும் இதையேதான் செய்கிறது: ஆள் வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ள, இரண்டு வருடம் செலவில்லாமல் ஆட்களை வைத்திருக்கிறது. அந்தச் செலவைக் கட்டுவது அருப்புக்கோட்டை வீடு. சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்க முதலாளிக்கு வங்கி உண்டு, முதலீட்டாளர் உண்டு, சட்டம் உண்டு. எதுவும் இல்லாத குடும்பத்தின் தலையில் அந்தப் பாரம் இறக்கப்படுகிறது. இரு பக்கமும் இதுவே அநியாயம்.

'பின்னால் மொத்தமாகத் தருகிறோம்' என்ற வாக்கு இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் நூற்பாலைகள் தென்மாவட்டத்து வறண்ட கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை அழைத்துப்போயின. மூன்று வருடம் முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்றன. உடம்பு முடியாமல் இடையில் திரும்பி வந்தவர்கள் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. இன்று ஸ்டார்ட்அப் கடிதத்தில் 'ஈசாப்' என்ற ஊழியர் பங்குத் திட்டத்தைப் பார்க்கும்போது அந்த நினைவு வர வேண்டும். எல்லா ஈசாப்பும் ஏமாற்று என்று சொல்லவில்லை. ஆனால் விதிகளைத் தெரிந்துகொள்ளாமல் அதைச் சம்பளமாக எண்ணக் கூடாது.

விதி இதுதான். பங்கு தருவதாக எழுதிக் கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு முடிந்தால்தான் அதில் உரிமை பிறக்கும் என்று நிறுவனச் சட்ட விதிகளே சொல்கின்றன. பொதுவாக நான்கு வருடத்தில் பகுதி பகுதியாக உரிமையாகும். ஓராண்டு முடியுமுன் வேலை போனால் ஒன்றும் இல்லை. உரிமையான பிறகும் குறித்த விலையைக் கட்டித்தான் பங்கை வாங்க வேண்டும். வாங்கும் நாளில் சந்தை மதிப்புக்கும் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளமாகக் கருதி வருமான வரி விழும். பட்டியலில் இல்லாத நிறுவனத்தின் பங்கை விற்க ஆள் கிடைக்காது. வரி மட்டும் கட்ட வேண்டும். தகுதிச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களுக்கு மட்டுமே அந்த வரியைத் தள்ளிக் கட்டும் சலுகை உண்டு. இதையெல்லாம் கல்லூரியில் யாராவது ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார்களா?

நிறுவனம் கவிழ்ந்தால் சம்பளப் பாக்கியை எப்படி வாங்குவது? திவால் சட்டத்தின் கீழ் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக, பாக்கி குறைந்தது ஒரு கோடி ரூபாய் இருக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் வரம்பை உயர்த்திவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளம் வராத இளைஞன் தனியாக அந்தக் கதவைத் தட்டவே முடியாது. தொழிலாளர் துறைதான் அவனுக்குக் கதி. அங்கே போகலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

ஆகவே ஸ்டார்ட்அப் பக்கமே போகாதே என்று சொல்ல வருகிறோமா? இல்லை. பெரிய நிறுவனங்கள் பல, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் எல்லாவற்றிலும் 60 விழுக்காடு கேட்கின்றன. அரியர் இருந்தால் வாசலிலேயே நிறுத்துகின்றன. தமிழ்வழியில் படித்து, முதல் இரண்டு வருடம் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி, மூன்றாம் வருடத்தில் எழுந்து நின்ற நம் பிள்ளைகளுக்கு அந்த வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. மதிப்பெண்ணைப் பார்க்காமல் நிரல் எழுதும் திறமையைப் பார்த்து எடுக்கும் சிறு நிறுவனம் அவர்களுக்குத் திறந்த கதவு. அங்கே ஒரே ஆள் நிரலும் எழுதுவான், வாடிக்கையாளரோடும் பேசுவான், தவறு வந்தால் இரவில் உட்கார்ந்து சரியும் செய்வான். பெரிய நிறுவனத்தில் ஐந்து வருடத்தில் வராத அனுபவம் சில நேரம் ஒரே வருடத்தில் வந்துவிடும். நல்ல சிறு நிறுவனத்தை நம் பிள்ளைகள் தவறவிடுவதும் இழப்புதான்.

அதனால்தான் பெரியதா சிறியதா என்ற கேள்வியே தவறு என்கிறோம். கண்மாய் பெரிதாக இருக்கிறது என்பதற்காக இந்த ஊரில் யாரும் நாற்றுப் பாவுவதில்லை. மடையில் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் பாவுகிறார்கள். வேலைக்கும் அந்த விவேகம் வேண்டும். நிறுவனத்தின் பெயரைப் பார்க்காமல் அதன் கையிருப்பைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்க வழிகள் இருக்கின்றன. காட்டிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

நிறுவனம் முறையாகப் பதிவானதா, ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்கிறதா என்பதை மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எத்தனை பேருக்கு, எந்த மாதம் வரை பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். சம்பளம் தரத் திணறும் நிறுவனத்தின் முதல் அறிகுறி பெரும்பாலும் அங்கேதான் தெரியும். இருபது பேருக்குக் குறைந்த நிறுவனத்துக்கு பி.எஃப். கட்டாயமில்லை, அப்படியானால் அதற்கு ஈடாகச் சம்பளத்தில் என்ன தருகிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ சம்பளப் பாக்கியை இரண்டு வேலைநாளில் தீர்க்க வேண்டும் என்கின்றன. குறித்த கால ஒப்பந்த ஊழியருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை தருகின்றன. இந்தத் தொகுப்புகள் பற்றித் தொழிற்சங்கங்களுக்குப் பெரிய ஆட்சேபங்கள் உண்டு. அது தனி விவாதம். கையில் கிடைத்திருக்கும் உரிமையையாவது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஐ.டி. ஊழியருக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 2015 ஜனவரியில் கருவுற்றிருந்த ஐ.டி. ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016-ல் தமிழ்நாடு அரசே தெளிவுபடுத்தியது.

குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதிக்கொடுக்கும் பாண்டு விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. பாண்டு எல்லாம் கோர்ட்டில் செல்லாது என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்திடும் பிள்ளைகள் நிறைய. பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்திட்டால் கட்ட வேண்டி வரலாம் என்று நினைத்தே படிக்க வேண்டும்.

இனி, பொறுப்புள்ளவர்களிடம் கேட்கிறோம்.

காரியாபட்டி முதல் கிருஷ்ணன்கோவில் வரை, விருதுநகர் முதல் சிவகாசி வரை இந்த மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அந்தக் கல்லூரிகள் கடிதம் வாங்கியவர்களின் எண்ணிக்கையைப் பேனரில் போடுவதை நிறுத்தட்டும். எத்தனை பேர் உண்மையில் வேலைக்குச் சேர்ந்தார்கள், எந்தத் தேதியில், என்ன சம்பளத்தில், ஓராண்டு கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற நான்கு கணக்குகளை ஆண்டுதோறும் வெளியிடட்டும். வளாகத்துக்குள் நிறுவனத்தை அழைக்குமுன் அதன் பி.எஃப். கணக்கைப் பார்க்கட்டும். சேரும் தேதி மூன்று மாதம் தள்ளிப்போனால், ஒருவருக்கு ஒரு வேலை என்ற விதியைத் தளர்த்தி அந்த மாணவரை மறுபடி தேர்வில் உட்கார விடட்டும்.

வங்கிகள், நிறுவனம் சேரும் தேதியைத் தள்ளியதற்கான கடிதத்தைக் காட்டும் குடும்பத்துக்குத் தவணையைத் தள்ளி வைக்கட்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் வங்கியாளர் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்தே ஆக வேண்டும்.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், மாதம் ஒரு நாளாவது அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் வேலைக் கடிதம் படித்துச் சொல்லும் முகாம் நடத்தட்டும். வழக்கறிஞர் ஒருவர், தணிக்கையாளர் ஒருவர், ஐ.டி.யில் பத்து வருடம் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் போதும். 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் லட்சக்கணக்கான மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. ஒப்பந்தத்தைப் படிக்கும் திறனும் அதில் ஒரு பாடமாக வேண்டும்.

மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு புதிய நிறுவனங்களுக்கு ஆதார நிதி தருகிறது. அது மக்கள் பணம். ஊழியருக்கு மாதச் சம்பளமும் உரிய பி.எஃப். தொகையும் நிலுவையின்றிக் கட்டிய நிறுவனத்துக்கே அடுத்த தவணை நிதி என்று நிபந்தனை போடட்டும். அதோடு, வேலை இந்தப் பக்கம் வரவும் வழி செய்ய வேண்டும். தென்காசி அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் சோஹோ 2011 முதல் அலுவலகம் நடத்துகிறது. தூத்துக்குடியில் 2024 டிசம்பரில் நியோ டைடல் பூங்கா திறந்தாயிற்று. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, நான்குவழிச் சாலையில் இருக்கும் அருப்புக்கோட்டைக்கு ஏன் ஒரு சிறு தொழில்நுட்ப வளாகம் வரக் கூடாது? சென்னையில் விடுதி வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதைவிட, வீட்டில் இருந்தபடி வாங்கும் குறைந்த சம்பளம் அதிகம் மிஞ்சும். ஸ்டார்ட்அப் கவிழ்ந்தாலும் பிள்ளை நடுத்தெருவில் நிற்க மாட்டான்.

கடைசியாக, கையில் கடிதத்தோடு நிற்கும் தம்பி தங்கைகளுக்கு. முதலில் வீட்டுக் கடனைத் தாளில் எழுதுங்கள். ஆறு மாதம் சம்பளம் வராவிட்டாலும் தவணை கட்ட வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நல்ல ஸ்டார்ட்அப்புக்குத் தயங்காமல் போங்கள். இல்லாவிட்டால், சம்பளம் உறுதியான இடத்தில் கடனைக் குறைத்துவிட்டுப் பிறகு போகலாம். அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. பெரிய நிறுவனம் சேரும் தேதியை எழுத்தில் தரவில்லை என்றால் அதை நம்பிச் சும்மா உட்காராதீர்கள், கிடைத்த வேலையில் சேருங்கள். ஆண்டுச் சம்பளக் கணக்கில் மாதம் கைக்கு வருவது எவ்வளவு, செயல்பாட்டைப் பொறுத்துத் தருவது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஈசாப்பைச் சம்பளத்தோடு கூட்டாதீர்கள். அசல் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் நிறுவனத்திலும், வேலை தர முன்பணம் கேட்கும் நிறுவனத்திலும் சேரவே சேராதீர்கள். இரண்டு மாதம் சம்பளம் தவறினால் மூன்றாம் மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வேலை போய்த் திரும்பி வரும் பிள்ளையை ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதீர்கள். அவன் தோற்கவில்லை, நிறுவனம்தான் அவனைக் கைவிட்டது. வேலை போனதை வீட்டில் சொல்ல அஞ்சி, சென்னையில் அறையில் அடைந்து கிடந்து மேலும் கடன் வாங்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

வரும் கல்வியாண்டின் வளாகத் தேர்வுகள் தொடங்குமுன் கல்லூரிகளும் வங்கிகளும் மாவட்ட நிர்வாகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும். இந்த மண் தன் பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தன்னால் ஆனதற்கும் மேலே செய்துவிட்டது. இனி நட்டத்தைத் தாங்க வேண்டியவர்கள் வலு உள்ளவர்கள். ஏழை வீடுகள் அல்ல.